கிளாசிக் கார் பழைய பாகக் கடையை விலைக்கு வாங்குவது எப்படி?

நடந்துகொண்டிருக்கும் ஒரு பழைய பாகக் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ரேக்குகள். கூரைவரை அடுக்கிய சிலிண்டர் ஹெட்கள், சுவரில் தொங்கும் பம்பர்கள், பெட்டி பெட்டியாகக் கதவுப் பிடிகள். "இவ்வளவு சரக்கா!" என்று மலைக்கத் தோன்றும். விற்பவர் விலை சொல்வதும் அந்த மலைப்பை நம்பித்தான்.

இந்தத் தொழிலில் ஒரு பாகம் சரக்காக வேண்டுமானால் மூன்று விஷயங்கள் வேண்டும். எந்த வண்டிக்கு, எந்த வருட மாடலுக்கு என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அது எடைக்குப் போகும் இரும்புதான். நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பகுதி பாகங்களின் அடையாளத்துக்குத்தான். அந்த அடையாளம் ஏட்டில் இருக்கிறதா, விற்பவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

1. ரேக்குக்கு முன்னால் கணக்கு

குறைந்தது மூன்று ஆண்டு வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, விற்பனைப் பில் மூன்றையும் கேளுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். "கணக்கில் வராத ரொக்க விற்பனை நிறைய உண்டு" என்று விற்பவர் சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு விலை கொடுக்கக் கூடாது. வரி அலுவலகத்துக்குக் காட்டாத லாபத்தை உங்களிடம் மட்டும் காட்டி விற்க முடியாது.

அடுத்து, லாபம் என்று சொல்லப்படும் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஆண்டு விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வாங்கிய செலவு 40, வாடகை, பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 30. மீதி 30. விற்பவர் இதை லாபம் என்பார். ஆனால் அவரே வாரம் ஆறு நாள் கடையில் நிற்கிறார், வீட்டில் ஒருவர் கணக்கு எழுதுகிறார். இருவருக்கும் சம்பளம் எழுதப்படவில்லை. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் 18 ஆகும் என்றால் உண்மை லாபம் 12. மூன்று ஆண்டு லாபத்தைக் கடையின் விலையாகப் பேசுகிறீர்கள் என்றால், 90க்கும் 36க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. கடையில் நீங்களே நிற்கப்போகிறீர்கள் என்றாலும் உங்கள் உழைப்புக்குச் சம்பளம் எழுதிவிட்டுத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. விற்பனை ஏட்டோடு கொள்முதல் ஏட்டையும் எடுத்து வையுங்கள். கடைசி மூன்று, நான்கு ஆண்டுகளில் பிரிப்பதற்காக எத்தனை வண்டிகள் வாங்கப்பட்டன, எத்தனை பழைய ஸ்டாக்குகள் மொத்தமாக எடுக்கப்பட்டன என்று பாருங்கள். ஓய்வுபெற நினைக்கும் பலர் புதுக் கொள்முதலை எப்போதோ நிறுத்திவிட்டிருப்பார்கள். எப்போதோ மலிவாக வாங்கிப்போட்ட பாகங்களையே இன்றும் விற்றுக்கொண்டிருப்பார்கள். ஏட்டில் லாபம் அழகாகத் தெரியும். உண்மையில் கடை தன் முதலையே தின்றுகொண்டிருக்கிறது. விற்பனை அப்படியே இருந்து கொள்முதல் ஆண்டுக்காண்டு சரிந்தால், வேகமாக ஓடும் நல்ல பாகங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அதே விற்பனையைத் தொடர இன்றைய விலையில் எவ்வளவுக்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதை லாபத்திலிருந்து கழியுங்கள்.

2. சரக்கை எண்ணும் முறை

எல்லாவற்றையும் எண்ண முடியாது. மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் பாருங்கள். ஸ்டாக் பட்டியலில் நீங்களே 50 வரிகளைத் தேர்ந்தெடுத்து, அவை ரேக்கில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு ரேக்கிலிருந்து 50 பாகங்களை எடுத்து, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். மேல்தட்டு, மூலை, வெளியே தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பது எல்லாம் அதில் வர வேண்டும். முதல் 50ல் 38 தான் கிடைத்தது என்றால் பட்டியலில் 24 சதவீதம் காற்று. அந்த விகிதத்தை மொத்தப் பட்டியல் மதிப்பிலும் கழிக்கச் சொல்வது நியாயம். இரண்டாவது சோதனையில் பட்டியலில் இல்லாத பாகங்கள் நிறைய வந்தால் அது உங்களுக்கு லாபம்போலத் தோன்றும். ஆனால் யாருக்கும் தெரியாத சரக்கு விற்காது. அதை அடையாளம் கண்டு பதிவுசெய்யும் கூலி உங்கள் தலையில்தான் விழும்.

எண்ணிக்கையோடு ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி ஸ்டார்ட்டர் மோட்டார் 40 இருக்கிறது, ஆண்டுக்கு 2 விற்கிறது என்றால் அது 20 ஆண்டுச் சரக்கு. மூன்று ஆண்டுத் தேவையான 6 உருப்படிக்கு விலை கொடுங்கள். மீதி 34க்கு எடை விலை. இந்த ஒரு விதியைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தாலே பேரத்தின் முகம் மாறிவிடும்.

பாகங்களை மூன்று குவியலாகப் பிரிப்பது வசதி. கடந்த 12 மாதத்தில் விற்பனை நடந்த வகைகள் முதல் குவியல். இதற்கு நல்ல விலை கொடுக்கலாம். ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது விற்றவை இரண்டாவது. பாதிக்கு மேல் போகாதீர்கள். மூன்று ஆண்டில் யாரும் கேட்காதவை மூன்றாவது. எடை விலை, அதிலும் ஏற்றி அனுப்பும் கூலி கழித்து. விற்பவர் "ஒருநாள் ஒருவன் வந்து கேட்பான்" என்பார். உண்மைதான், கேட்பான். அதுவரை அந்தப் பாகம் பிடிக்கும் இடத்துக்கு வாடகை கட்டப்போவது நீங்கள்.

எது ஓடும் என்பதற்கு ஒரு பொதுவான வழிகாட்டல் உண்டு: இன்றும் யாரும் புதிதாகச் செய்து விற்காத பாகமே பழையதில் தங்கம். மீட்டர்கள், சுவிட்சுகள், கதவுப் பூட்டுகள், ஜன்னல் ஏற்றி இறக்கும் பொறிகள், பானெட் கீல்கள், விளக்குக் கண்ணாடிகள், பெயர் பட்டைகள் எல்லாம் சிறியவை, தபாலில் போகும், ரேக்கில் இடம் குறைவு. ஃபெண்டர், கதவு, பானெட் போன்ற தகட்டுப் பாகங்கள் இடத்தை விழுங்கும், அனுப்புவதும் பாடு. புதிய மறுதயாரிப்பு சந்தைக்கு வந்துவிட்டால் பழைய தகட்டின் விலை ஒரே அடியில் சரியும். எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1988 முதல் முழு பாடி ஷெல்லே (காரின் தகட்டு உடல்கூடு) புதிதாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்குத் துருப்பிடித்த பழைய தகடுகளை அடுக்கி வைப்பதில் பொருளில்லை. கடையின் முக்கிய மாடல்கள் ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் பாகம் புதிதாகக் கிடைக்கிறது என்று விற்பனைப் பட்டியல்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பிடிக்கும் வேலை. வேறு எந்த ஆய்வையும்விட இது அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

3. கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

ஸ்டீல் ரூல், ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், வெர்னியர், டார்ச், ஒரு காந்தம். இவற்றோடு போங்கள். விலை உயர்ந்த பத்து வகைகளில் இரண்டிரண்டு எடுத்துச் சோதித்தால் போதும்.

கிராங்க் ஷாஃப்டை அளக்கும்போது தேய்ந்த பரப்பைச் சீராக்க ஏற்கெனவே எத்தனை முறை கிரைண்ட் செய்திருக்கிறது என்று பாருங்கள். அங்குல அளவு எஞ்சின்களில் 10, 20, 30 தௌ என்று குறைந்துகொண்டே போகும் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). பேரிங் கிடைக்கும் கடைசி அளவுக்கு வந்துவிட்ட கிராங்க்குக்கு எதிர்காலம் இல்லை. பிளாக்கில் போர், அதாவது சிலிண்டர் துளை, எவ்வளவு ஓவர்சைஸ் என்பதும் அப்படியே. பிளாக்கின் வெளிச்சுவரில், குறிப்பாக வாட்டர் ஜாக்கெட் பகுதியில், நீர் உறைந்து வெடித்த கீறலைத் தேடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு இடையே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கீறல் பெரும்பாலும் அங்கேதான். கார்புரேட்டரில் திராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் புது புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உள்வளையம்) போடாமல் அது ஐட்லிங்கில் நிற்காது. கியர்பாக்ஸின் மூடியைக் கழற்றிப் பல் முனைகளைப் பாருங்கள். எண்ணெயில் மின்னும் துகள் இருந்தால் உள்ளே வேலை இருக்கிறது.

குரோம் பாகங்களில் ஒரு நுணுக்கம். காந்தம் ஒட்டும் எஃகு பம்பரில் துருப்புள்ளி இருந்தாலும் தேய்த்து மீண்டும் முலாம் பூசலாம். காந்தம் ஒட்டாத துத்தநாக வார்ப்பில், அதாவது பல கதவுப் பிடிகளிலும் விளக்குச் சட்டங்களிலும், புள்ளிகள் உலோகத்துக்குள்ளேயே குழியாக இறங்கியிருக்கும். அதைச் சரிசெய்யும் செலவு பல நேரம் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.

4. அடையாளம்: எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி கடை உங்களுடையது

கடையில் "எம்.ஜி.பி எஞ்சின்" என்று மட்டும் சீட்டு கட்டியிருந்தால் அது அடையாளமே அல்ல. அந்தக் கார் 1962 முதல் 1980 வரை வந்தது. 1964 அக்டோபரில் கிராங்க்கின் மெயின் பேரிங் மூன்றிலிருந்து ஐந்தானது. மூன்று பேரிங் கிராங்க் ஐந்து பேரிங் பிளாக்கில் உட்காராது. 1967 இறுதியில் எல்லா முன்கியர்களுக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பாசிட்டிவ் எர்த் நெகட்டிவ் எர்த்தானது, அதாவது பாடியோடு இணைக்கும் பேட்டரி முனை மாறியது. இதைக் கவனிக்காமல் அனுப்பிய பாகம் திரும்பி வரும். போகவர இரண்டு செலவும் கடைக்காரர் தலையில்.

வோக்ஸ்வேகன் பீட்டிலில் ஃபிளைவீலின் பல்லை எண்ணினாலே போதும்: 6 வோல்ட் வண்டிக்கு 109, 12 வோல்ட் வண்டிக்கு 130. பெரிய ஃபிளைவீலைப் பழைய கியர்பாக்ஸ் கூட்டில் போட்டால் உள்சுவரில் உரசும். அந்த நிறுவனத்தின் பாக எண்களும் ஒழுங்கானவை. 113 905 205 என்ற எண்ணில் 113 பீட்டிலையும், 905 பற்றவைப்புப் பிரிவையும், 205 டிஸ்ட்ரிபியூட்டரையும் குறிக்கும். நான்காவது இலக்கம் எப்போதும் பிரிவைச் சொல்லும்: 1 எஞ்சின், 3 கியர்பாக்ஸ், 4 முன் அச்சு, 6 சக்கரமும் பிரேக்கும், 8 பாடி, 9 மின்சாரம். ரேக்கையே இந்த வரிசையில் அடுக்கிய கடை என்றால் விற்பவர் தொழில் தெரிந்தவர்.

பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் மின்பாகங்களின் உடலில் தயாரித்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். "6 68" என்றால் 1968 ஜூன். செவ்ரலே வி-8 பிளாக்குகளில் மாதத்துக்கு ஓர் எழுத்து (ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று), பிறகு தேதி, பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். "சி 14 7" மார்ச் 14. வருடம் 1957ஆ 1967ஆ என்பதை வார்ப்பு எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வண்டியோடு பிறந்த தேதியுள்ள பாகத்துக்கு மீட்டெடுப்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள். அதனாலேயே போலியாகக் குத்துவதும் நடக்கிறது. சுற்றியுள்ள வார்ப்புப் பரப்பு சுரசுரப்பாக இருந்து எண் இருக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தால் ஒதுக்கிவையுங்கள்.

மரைகளும் ஓர் அடையாளம்தான். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப், பின்னர் யூ.என்.எஃப் என்ற அங்குல மரை வகைகள். எம்.ஜி. டி.சி, டி.டி மாடல்களின் எஞ்சினிலோ மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் விட்வொர்த் அளவு. போல்ட் டப்பாக்களைக் கலந்துபோட்டிருக்கும் கடையில் அந்த டப்பாக்களுக்கு மதிப்பு போடாதீர்கள்.

5. விற்கக்கூடாதவை

உறை பிரிக்காத பழைய ரப்பர் பார்க்க ஆசையாக இருக்கும். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப், ஆயில் சீல், டயர் எதுவானாலும் பத்தாண்டுகளாகக் கிடந்தது பாதுகாப்பற்றது. பயன்படுத்தாமலே இறுகி வெடிக்கும். இவற்றின் மதிப்பு பூஜ்யம். காட்சிக்கு மட்டும் என்று எழுதி விற்பதும் ஆபத்து, யாராவது பொருத்திவிடுவார்கள்.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், சில கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருளின் இறக்குமதியையே தடைசெய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005 முதல் தடை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பும் கடை என்றால், இந்தப் பாகங்கள் விற்பனை ஆகாதது மட்டுமில்லை, அப்புறப்படுத்தும் செலவும் உங்களுடையது. பழைய பிரேக் ஷூக்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது. ஈரத்தில் துடைத்து உறையிட வேண்டும்.

ஸ்டீரிங், பிரேக் பாகங்களைப் "பழுதுபார்த்துப் பயன்படுத்துவதற்கு" என்று மட்டும் பில் போடுவது நல்ல பழக்கம். விற்பவர் இதுவரை எப்படிப் பில் போட்டார் என்று பாருங்கள். பழைய விற்பனையால் நாளை வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

பிரித்த வண்டிகளின் பதிவுத்தாள், கொள்முதல் ரசீது இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். சேஸிஸ் எண் தட்டுகள் தனியே டப்பாவில் கிடந்தால் கவனம்: பல நாடுகளில் அவற்றை விற்பதே குற்றம். அந்த டப்பாவை உங்கள் கொள்முதலில் சேர்க்கவே வேண்டாம்.

6. இடம்

எண்ணெய் ஊறிய மண் பெரிய கடன். எஞ்சின் பிரிக்கும் இடம், பேட்டரி வைத்த மூலை, பெட்ரோல் டேங்க் குவித்த இடம் மூன்றையும் படம் எடுங்கள். நிலத்தையும் சேர்த்து வாங்குவதானால் மண் பரிசோதனை இல்லாமல் கையெழுத்து வேண்டாம். வாடகை இடமானால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் மீதிக் காலமும் முக்கியம். பல டன் சரக்கை ஆறு மாதத்தில் இடம் மாற்றச் சொன்னால் ஓர் ஆண்டு லாபம் அதிலேயே போய்விடும்.

பீட்டிலின் எஞ்சின் கேஸும் கியர்பாக்ஸ் கூடும் மெக்னீசியம் கலவை. அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ பெருகும். உலோகத் தீக்கான அணைப்பான் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முடிந்தவரை நிறுவனத்தை வாங்காமல் சொத்துகளை மட்டும் வாங்குங்கள்: சரக்கு, ரேக், கருவி, பெயர், தொலைபேசி எண், இணைய முகவரி, வாடிக்கையாளர் பட்டியல். நிறுவனத்தின் பங்கை வாங்கினால் பழைய வரி பாக்கியும் வழக்கும் கூடவே வரும். இணையச் சந்தைகளில் உள்ள விற்பனையாளர் கணக்கைப் பெயர் மாற்ற முடியுமா என்று முன்பே விசாரியுங்கள். முடியாவிட்டால் அதில் சேர்ந்திருக்கும் நற்பெயருக்குத் தனி விலை இல்லை.

கடையில் இருப்பதெல்லாம் விற்பவருடையது என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர்கள் ரிப்பேருக்குக் கொடுத்தவை, விற்றுத்தரச் சொல்லி வைத்தவை, வங்கிக்கு ஈடாக உள்ளவை எல்லாம் தனிப் பட்டியலாக வர வேண்டும். வாடிக்கையாளரின் பழைய யூனிட் கடைக்கு வந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய டெபாசிட்டுகளும் கடன்தான்.

பேச்சு முடிந்ததற்கும் சாவி கைமாறுவதற்கும் இடையில் நல்ல சரக்கு மெல்ல மாயமாவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. விலை உயர்ந்த 30 பாகங்களைப் படத்தோடும் எண்ணோடும் இணைப்பாகச் சேர்த்து, கைமாறும் நாளில் இருவரும் எண்ணிக் கையெழுத்திடுங்கள். விற்பவர் வீட்டிலும் கொட்டகையிலும் வைத்திருப்பது இதில் சேருமா என்பதையும் எழுதிவிடுங்கள். விலையில் 10 முதல் 20 சதவீதத்தை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிறுத்திவைத்து, பட்டியல் குறைவுக்கும் திருட்டுச் சரக்குக்கும் அதிலிருந்து கழிப்பது வழக்கமான ஏற்பாடு. அதே தொழிலை வேறு பெயரில் நடத்தக்கூடாது என்ற விதி, எத்தனை ஆண்டு, எந்த மாடல்கள் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

8. தலைக்குள் இருப்பதை ஏட்டுக்குக் கொண்டுவருவது

விற்பவர் குறைந்தது மூன்று மாதம், வாரத்துக்கு இத்தனை மணிநேரம் என்று குறித்துக் கடையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தை வாடிக்கையாளர் அறிமுகத்தில் மட்டும் கழிக்காதீர்கள். ஃபோன் கேமராவை ஓடவிட்டு ஒவ்வொரு ரேக்காக அவரோடு நடங்கள். "இது எதற்கு, வேறு எதற்கும் பொருந்துமா, எங்கே ஏமாறுவார்கள்?" என்ற மூன்று கேள்வி போதும். ஒரு ரேக் முடிந்ததும் அன்றே சீட்டு எழுதிக் கட்டுங்கள். வீடியோவை அப்புறம் பார்த்து எழுதலாம் என்று விட்டால் எழுதப்படாது.

எல்லா ரேக்கையும் முதல் மாதமே பிரித்து அடுக்க ஆசை வரும். வேண்டாம். பழைய ஒழுங்கு உங்களுக்குக் குழப்பமாகத் தெரிந்தாலும் விற்பவருக்கும் பழைய ஊழியருக்கும் அதுதான் வரைபடம். இருக்கும் இடத்திலேயே ரேக், தட்டு, பெட்டி வரிசையில் எண் கொடுங்கள், சி-04-2 என்பதுபோல. முதல் குவியலில் உள்ள ஓடும் பாகங்களைப் படம் எடுத்து முதலில் பட்டியலிடுங்கள். கண்ணாடிகளை நிறுத்தி வையுங்கள், கிராங்க்கைச் செங்குத்தாக நிறுத்தி எண்ணெய் பூசுங்கள், ஹெட்டின் முகப்பு வெறும் இரும்பில் உரசாமல் பலகை கொடுங்கள்.

9. முதல் வண்டியை வாங்கிப் பிரிக்கும்போது

சரக்கு தீராமல் இருக்க, முதல் ஆண்டுக்குள்ளேயே பிரிக்க வண்டி எடுக்கத் தொடங்க வேண்டியிருக்கும். விலை பேசும் முன் ஒரு தாளில், முதல் 12 மாதத்தில் நிச்சயம் விற்கும் பத்துப் பன்னிரண்டு பாகங்களை மட்டும் எழுதுங்கள். அவற்றின் மொத்த விலை வண்டியின் விலை, இழுத்துவரும் செலவு, பிரிக்கும் கூலி, எண்ணெயையும் மிஞ்சிய வண்டிக்கூட்டையும் அப்புறப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் விட்டுவிடுங்கள். எடுத்த வண்டியைப் பிரிக்கும் முன் நாலா பக்கமும், பானெட்டுக்குள்ளும், டேஷ்போர்டுக்கு அடியிலும் படம் எடுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு வருடம், பெயின்ட் எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி, கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் சீட்டிலும் அந்த வண்டிக்குக் கொடுத்த வரிசை எண்ணைப் போடுங்கள். போல்ட், கிளிப், வாஷரை அந்தந்தப் பாகத்தோடு பையில் கட்டுங்கள். கதவுப் பூட்டை நான்கு ஸ்குரூவோடு விற்பவரிடம்தான் வாடிக்கையாளர் அடுத்த முறையும் வருவார்.